உயிர்வாழ் சான்றிதழ் இல்லாத போன்கள்

பழைய சாமானுக்கு மரியாதை இல்லாத ஊர் என்று திருகோணமலையை யாரும் சொல்லிவிட முடியாது. சீனக்குடாக் காட்டுக்குள் போய்ப் பாருங்கள். இரண்டு உலகப் போர்களுக்கும் இடையில் வெள்ளைக்காரன் கட்டிய எண்ணெய்க் குதங்கள் துருவேறி, பற்றை சூழ்ந்து நிற்கின்றன. 1942 ஏப்ரலில் நடந்த ஜப்பானியத் தாக்குதலில் ஒன்று எரிந்தது. இன்று மிச்சம் 99. அந்தத் தொண்ணூற்றொன்பது கிழங்களுக்கும் 2022 ஜனவரி 6ஆம் திகதி ஒப்பந்தம் எழுதினார்கள்: 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 இந்தியாவின் லங்கா ஐஓசிக்கு, 61 இரண்டும் சேர்ந்த புதுக் கொம்பனிக்கு. குத்தகை 50 வருடம். துருவைச் சுரண்டி, குழாய் மாற்றி, பெயின்ற் அடித்தால் இன்னும் அரை நூற்றாண்டு ஓட்டலாம் என்று இரண்டு நாட்டு அரசாங்கங்களுக்கும் அசையாத நம்பிக்கை.

அதே ஊரில், 2020இல் வாங்கிய போன் செத்துவிட்டதாம்.

சொன்னது வைத்தியர் இல்லை; திடீர் மரண விசாரணை அதிகாரியும் இல்லை. கடல் கடந்து எங்கோ இருக்கும் ஒரு கொம்பனியின் கணக்குப் பிரிவு. 'இந்த மொடலுக்கு இனி அப்டேட் இல்லை' என்று ஒரு வரி. அதுதான் மரண அத்தாட்சிப் பத்திரம். பிரேதமோ விடிய மூன்றரைக்கு அலாரம் அடித்து, ஆளை எழுப்பி, கடலுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது.

என்.சி. வீதியில் ஒரு போன் கடை. திருக்கடலூர் ஐயா ஒருவர் சாரத்து மடிப்பிலிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்து, அதற்குள்ளிருந்து இன்னொரு பொலித்தீன் பையை எடுத்து, அதற்குள்ளிருந்து போனை எடுத்தார். உப்புத்தண்ணீருக்குப் பயந்து இரட்டைப் பை. பின்மூடி கழராமல் இறப்பர் வளையம் போட்டிருந்தது. கட்டாரிலிருக்கும் மகன் அனுப்பும் காசு வந்துவிட்டதா என்று பார்க்கும் வங்கி ஆப் திடீரென்று திறக்க மாட்டேன் என்கிறது. புதிதாக இறக்கப் போனால், 'உங்கள் சாதனம் இந்தப் பதிப்புடன் இணங்கவில்லை' என்று பதில்.

"தம்பி, இது ஒருநாளும் கீழ விழுந்ததில்லை. பற்றரி ரெண்டு நாள் நிக்குது. என்ன குறை இதுக்கு?"

"போனில ஒரு பிழையும் இல்லை ஐயா. கொம்பனிக்காரன் அப்டேட் விடுறதை நிப்பாட்டிட்டான்."

"வாங்கேக்க அப்பிடி ஒண்டும் சொல்லேல்லையே?"

"சொன்னா ஆர் ஐயா வாங்குவினம்?"

கடைக்காரத் தம்பி நல்ல பிள்ளை. உண்மையைச் சொன்னான். செட்டிங்ஸுக்குள் போய், 'பாதுகாப்பு பேட்ச்' என்ற வரியைத் தொட்டுக் காட்டினான். அங்கே நின்ற வருடம் 2019. ஐயா போனை வாங்கியதோ 2020இல், கொரோனா ஊரடங்குக்குள், பேரப்பிள்ளையின் ஒன்லைன் வகுப்புக்காக. கடைக் கண்ணாடி அலுமாரிக்குள் புது மாப்பிள்ளை போலச் சோடித்து வைத்திருந்தபோதே அதற்குக் கடைசிப் பேட்ச் வந்து முடிந்துவிட்டது. பிரேதத்துக்குப் பொலித்தீன் உறை போட்டு, விலைச்சீட்டு ஒட்டி, காசு வாங்கியிருக்கிறார்கள். ஆறு மாத வாரண்டி வேறு.

இதில் மோசடி எங்கே என்று கேட்பார்கள். எங்கேயும் இல்லை. எல்லாம் சட்டப்படி. அதுதான் வயிற்றெரிச்சல்.

சாவு ஒரே நாளில் வருவதில்லை, உறுப்பு உறுப்பாக வருகிறது. 2023 ஒக்டோபர் 24இல் வட்ஸ்அப், அண்ட்ராய்ட் 5க்குக் கீழே உள்ளவர்களைப் படலைக்கு வெளியே விட்டது. 2025 மே மாதம் ஐபோன் 5எஸ், 6, 6 பிளஸ் மூன்றுக்கும் அதே கதி. 2025 ஓகஸ்டில் குரோம் 139 வந்தபோது அண்ட்ராய்ட் 8ஐயும் 9ஐயும் கைகழுவியது. ஊரடங்குக் காலத்தில் மலிவு விலையில் விற்ற இரண்டு ஜீபி, ஒரு ஜீபி போன்களில் கணிசமானவை ஓடியது அந்த 8உம் 9உம்தான். அம்மாமார் காப்பை அடகு வைத்து வாங்கியவை. காப்பு மீண்டதோ இல்லையோ, போன் மூழ்கிவிட்டது.

இன்னும் பழைய போன்களின் கதை வேறு. எந்த இணையத்தளத்தை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்ற பட்டியலைத் தொழிற்சாலையிலேயே போனுக்குள் எழுதி அனுப்பிவிடுகிறார்கள். சிஸ்டம் அப்டேட் வந்தால்தான் பட்டியல் புதுப்படும். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு 2015 முதல் இலவசமாகப் பாதுகாப்புச் சான்றிதழ் கொடுத்துவருகிறது. உலகத்துச் சின்னத் தளங்கள் எத்தனையோ அதை நம்பித்தான் இருக்கின்றன. ஆனால் அண்ட்ராய்ட் 7.1.1க்கு முந்திய போன்களின் பட்டியலில் அதன் மூலச் சான்றிதழ் இல்லை. பழைய சான்றிதழொன்றின் நிழலில் கொஞ்சக் காலம் ஓடியது. 2024 செப்டெம்பர் கடைசியில் அந்த நிழலும் போனது. தளம் நலம், போன் நலம், இணைப்பும் நலம். ஆனால் போன் கத்துகிறது: 'இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல.' பாவனையாளர் தன் விரலைச் சந்தேகப்படுகிறார், பிறகு சிம்மை, பிறகு தன் படிப்பறிவை. கொம்பனியைச் சந்தேகப்பட யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

நம் ஊரில் ஓய்வூதியம் எடுக்கும் ஆசிரியர்மார் வருடா வருடம் விதானையாரிடம் போய், 'நான் இன்னும் சாகவில்லை' என்று எழுத்தில் வாங்கி வருகிறார்கள். விதானையார் ஆளை நேரில் பார்த்து, முத்திரை குத்தினால்தான் காசு. இந்த நாட்டில் உயிரோடிருக்க மூச்சு போதாது, முத்திரையும் வேண்டும். அதனால் அரசாங்கத்துக்கு ஒரு யோசனை. மனிதருக்குக் கொடுக்கும் உயிர்வாழ் சான்றிதழைப் போனுக்கும் கொடுத்துவிடுங்கள். படிவம் தயாரிக்கும் சிரமத்தைக் கூட நானே எடுத்துக்கொள்கிறேன்:

பழைய கைத்தொலைபேசிகளுக்கான உயிர்வாழ் சான்றிதழ் விண்ணப்பம்

1. போனின் பெயர், பிறந்த திகதி (பெட்டியில் உள்ளபடி), இறந்த திகதி (கொம்பனி சொன்னபடி). இறந்த திகதி பிறந்த திகதிக்கு முந்தியதாயின் காரணம் கேட்கப்பட மாட்டாது.

2. போன் இன்னும் மணியடிக்கிறதா? ஆம் எனில், யாருடைய அனுமதியுடன்?

3. விண்ணப்பதாரர் புதிய போன் வாங்காமலிருப்பதற்கான காரணம். 'காசில்லை' என்பது காரணமாக ஏற்கப்பட மாட்டாது.

4. கிராம உத்தியோகத்தர் போனைத் தொட்டுப் பார்த்து, 'சூடு உள்ளது' என உறுதிப்படுத்த வேண்டும்.

5. பிரதேச செயலகத்துக்கு நேரில் வருவது தவிர்க்கப்பட வேண்டும். விண்ணப்பங்கள் ஆப் மூலமாக மாத்திரமே ஏற்கப்படும்.

6. மேற்படி ஆப் அண்ட்ராய்ட் 10 மற்றும் அதற்கு மேற்பட்ட போன்களில் மாத்திரம் இயங்கும்.

7. இப்படிவத்தின் தமிழ்ப் பிரதி பின்னர் வெளியிடப்படும்.

சிரித்தாயிற்றா? சரி. இந்தச் சாவு எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். ஏனென்றால் கொம்பனிகள் எப்போதும் ஒரே பாட்டைத்தான் படிக்கின்றன: 'தொழில்நுட்பக் காரணங்களால் இயலாது.'

அந்த ஐயாவின் போனுக்கு ஓர் அப்டேட் வந்துசேர மூன்று வாசல் தாண்ட வேண்டும். முதலாவது கூகுள்: அண்ட்ராய்டில் ஓட்டை கண்டுபிடித்தால் அடைத்து, அடைப்பை எல்லோருக்கும் திறந்து வைக்கிறது. 2015 ஜூலையில் ஸ்டேஜ்ஃபிரைட் என்ற ஓட்டை வெளியே வந்து, ஒரு படச் செய்தியை அனுப்பியே போனைக் கைப்பற்றலாம் என்று உலகம் நடுங்கிய பிறகு, மாதா மாதம் பேட்ச் விடும் வழக்கம் தொடங்கியது. இரண்டாவது வாசல், போனுக்குள் இருக்கும் சிப்பைச் செய்தவன்: குவால்கொம், மீடியாடெக், யூனிசொக். சிப்புக்கும் அண்ட்ராய்டுக்கும் நடுவில் பேசும் மென்பொருளை அவன் புதுப்பித்துக் கொடுக்க வேண்டும். மூன்றாவது, பெட்டியில் தன் பெயரை ஒட்டி விற்றவன்: எல்லாவற்றையும் சேர்த்து, சோதித்து, அனுப்ப வேண்டும். இந்த மூவரில் ஒருவன் கதவைச் சாத்தினாலும் கதை முடிந்தது. சிப்புக்காரனுக்குப் பழைய சிப்பில் வருமானம் இல்லை. பெட்டிக்காரனுக்குக் காசு ஏற்கனவே கைக்கு வந்துவிட்டது; இனிச் செய்வதெல்லாம் செலவு. மூவரும் ஒருவரையொருவர் கைகாட்டிக்கொண்டு நிற்பார்கள். இதைத்தான் தொழில்நுட்பக் காரணம் என்கிறார்கள். நம் ஊரில் இதற்கு வேறு பெயர் உண்டு; அச்சில் போட முடியாது.

இயலாது என்பது பொய். ஃபெயார்போன் என்ற சின்ன டச்சுக் கொம்பனி 2015 கடைசியில் விற்கத் தொடங்கிய தன் இரண்டாவது போனை, சிப்புக்காரன் கைவிட்ட பிறகும், தானே மல்லுக்கட்டி அண்ட்ராய்ட் 10 வரை கொண்டுவந்து, 2023 மார்ச் வரை தாங்கியது. லீனியேஜ் ஓஎஸ் என்ற பெயரில் உலகெங்கும் பரந்திருக்கும் தன்னார்வலர்கள், கொம்பனிகள் குப்பையில் எறிந்த மொடல்களுக்கு இரவில் கண்விழித்துப் புது அண்ட்ராய்ட் ஏற்றுகிறார்கள். ஒரு சதம் சம்பளம் இல்லை. சம்பளமில்லாத பொடியன்களால் முடிவது பல்லாயிரம் கோடிக் கொம்பனியால் முடியாதாம்.

காசு இருந்தால் எல்லாம் முடியும் என்பதற்கு இன்னும் தடித்த சாட்சி வேண்டுமா? நம் துறைமுகத்துக்கு வந்துபோகும் விருந்தாளியைக் கேளுங்கள். அமெரிக்கக் கடற்படைக் கப்பல்கள் திருகோணமலைக்குப் புதியவையல்ல. 2018இல் மேர்சி என்ற ஆஸ்பத்திரிக் கப்பலே வந்து நின்றது. அந்தக் கடற்படை 2015இல் என்ன செய்தது தெரியுமா? 2001இல் பிறந்த வின்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8இல் மைக்ரோசொஃப்ட் மங்களம் பாடிவிட்டது. கடற்படையிடமோ எக்ஸ்பி ஓடும் கணினிகள் ஒரு லட்சம் அளவில் மிச்சம். கடற்படை அழவில்லை; காசோலையை எடுத்தது. 91 இலட்சம் டொலருக்கு ஒப்பந்தம். செத்த எக்ஸ்பி எழுந்து உட்கார்ந்து மருந்து குடித்தது. பிரித்தானிய அரசும் 2014இல் தன் ஆஸ்பத்திரிகளுக்கும் கந்தோர்களுக்குமாக 55 இலட்சம் பவுணுக்கு மேல் கொடுத்து ஒரு வருட ஆயுள் வாங்கியது. ஆக, அப்டேட் என்ற மருந்து தீர்வதில்லை. ஏழை வரும்போது மட்டும் டிஸ்பென்சரியைப் பூட்டிவிடுகிறார்கள்.

பணக்காரப் போன்களின் ஆயுளைப் பாருங்கள். 2013இல் வந்த ஐபோன் 5எஸ்ஸுக்கு 2023 ஜனவரியிலும் அப்பிள் ஒரு பாதுகாப்பு அப்டேட் அனுப்பியது. 2023 ஒக்டோபரில் கூகுள் தன் பிக்ஸல் 8க்கு ஏழு வருடம் என்றது. 2024 ஜனவரியில் சம்சுங் தன் எஸ்24க்கு அதே ஏழு. கைதட்டலாம். ஆனால் லட்சக்கணக்கில் கொடுத்து அவற்றை வாங்குகிறவர் இரண்டு வருடத்தில் அலுத்துப்போய் அடுத்ததுக்குப் போய்விடுவார். ஒரே போனை ஏழு வருடம் பாவிக்கப்போகிறவர் மூதூர் இறங்குதுறையில் நிற்கிறார். அவர் கையிலுள்ள மொடலுக்கு ஏழு இல்லை, இரண்டு கிடைத்தாலே புண்ணியம். 2014 டிசம்பரில் அண்ட்ராய்ட் வன் என்று இலங்கைக்கும் மலிவுப் போன்களைக் கூகுள் கொண்டுவந்தபோது, இரண்டு வருட அப்டேட்டைத்தான் பெரிய வரமாக அறிவித்தார்கள். யாருக்கு நீண்ட ஆயுள் தேவையில்லையோ அவருக்கு ஏழு. யாருக்குத் தேவையோ அவருக்கு இரண்டு. கணக்குப் பிழைக்கவில்லை. இதுதான் கணக்கே.

அப்டேட் வராமல் சாவது ஒரு வகை. வந்து சாவது இன்னொரு வகை. பற்றரி தேய்ந்த ஐபோன்களை அப்டேட் மூலம் சொல்லாமல் கொள்ளாமல் மெதுவாக்கியதை 2017 டிசம்பரில் அப்பிள் ஒப்புக்கொண்டது. 2018இல் இத்தாலி அப்பிளுக்கு ஒரு கோடி யூரோவும் சம்சுங்குக்கு 50 இலட்சம் யூரோவும் தண்டம் போட்டது. 2020இல் பிரான்ஸ் அப்பிளிடம் இரண்டரைக் கோடி யூரோ வாங்கியது. அமெரிக்காவில் அதே வருடம் 50 கோடி டொலர் வரை கொடுக்கச் சம்மதித்து வழக்கை முடித்தார்கள். அங்கே பாவனையாளருக்கு ஒரு அரசாங்கம் இருந்தது.

இனி நம்முடையதற்கு வருவோம். கொம்பனிக்காரன் இலாபத்துக்குப் பிறந்தவன். அவனிடம் கருணை கேட்பது என் வேலையில்லை. என் கோபம், நம் வரிக்காசில் நாற்காலியில் இருப்பவர்கள் மேல்தான்.

நம் ஜனங்கள் ஏன் பழைய போனோடு நிற்கிறார்கள்? கஞ்சத்தனமா? 2022 மார்ச்சில் கைத்தொலைபேசிகளையும் அனுமதிப்பத்திரம் இல்லாமல் இறக்குமதி செய்யக்கூடாத பொருள்களின் பட்டியலில் சேர்த்தது யார்? சுமார் 200 ரூபாயாக இருந்த டொலரைச் சில வாரங்களில் 360க்கு ஓடவிட்டது யார்? அதே வருடம் ஓகஸ்டில், வள்ளத்து எஞ்சினுக்கு ஊற்றும் மண்ணெண்ணெயை லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரே தாவில் ஏற்றியது யார்? கடலுக்குப் போனால் எண்ணெய்க்காசும் தேறாது என்று வள்ளத்தைக் கரையில் கவிழ்த்து வைத்தவர் எந்தக் காசில் புதுப் போன் வாங்குவார்? 2024 ஜனவரி முதலாம் திகதி வற் வரியை 18 வீதமாக்கி, அதுவரை விலக்கிலிருந்த போன்களையும் வலைக்குள் இழுத்தார்கள். அகதி முகாமில் இருந்தவனும் அமைச்சர் மகனும் ஒரே 18 வீதம். சமத்துவம் என்றால் இதுதான்.

புதுசை வாங்கவிடாமல் முன்படலையைப் பூட்டிய அதே கை, பின்படலையில் என்ன எழுதி ஒட்டியது? 'எல்லாம் டிஜிட்டல்.' 2022 ஜூலையில் எரிபொருளுக்குக் கியூஆர். போன் இலக்கம் இல்லாதவனுக்கு அன்று பதிவு இருக்கவில்லை. பதிவு இல்லாதவனுக்குப் பெற்றோல் இருக்கவில்லை. 2025 பெப்ரவரியில் கவ்பே வந்தது. அரசாங்கத்துக்குக் கட்டும் காசைப் போனிலேயே கட்டலாம். கந்தோர் வரிசையில் நிற்பதை விட நல்லதுதான், மறுக்கவில்லை. 2024 நவம்பரில் டிஜிட்டல் பொருளாதார அமைச்சை ஜனாதிபதி தானே வைத்துக்கொண்டார். அவ்வளவு முக்கியமாம். முக்கியமென்றால், அந்த டிஜிட்டல் பொருளாதாரத்துக்குள் ஒரு தாய் எந்தக் கருவியைப் பிடித்துக்கொண்டு நுழைவாள் என்று யாராவது கேட்டார்களா? வெருகலிலும் ஈச்சிலம்பற்றிலும் வீட்டுக்கு ஒரு போன். பகலில் அப்பாவிடம், பின்னேரம் பிள்ளையிடம், இரவில் சார்ஜரில். அந்த ஒன்றின் ஆயுள் எவ்வளவு என்று அறியாமல் நாட்டை அதற்குள் ஏற்றுகிறீர்கள்.

தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்குப் போன்களில் அக்கறை இல்லையா? ஏன் இல்லை, தாராளமாக உண்டு. 2025 ஜனவரிக் கடைசியிலிருந்து ஐஎம்இஐ என்ற அடையாள இலக்கம் பதியாத புதுப் போனுக்கு இணைப்பு இல்லை என்று விதி போட்டார்கள். முன்பே பாவனையிலிருந்தவற்றை மன்னித்து விட்டார்கள். கட்டாரிலிருந்து மகன் கொண்டுவரும் போனுக்கும் பதினைந்து இலக்கம் வேண்டும். நல்லது, களவுப் போன் குறையட்டும். ஆனால் ஒவ்வொரு போனையும் வாசலில் நிறுத்தி இலக்கம் கேட்கிறவர்கள், அதை இறக்கும் முதலாளியிடம் இன்னுமொரு கேள்வி கேட்டால் நாக்கு தேய்ந்துவிடுமா? 'ஐயா, இதற்கு எந்த வருடம், எந்த மாதம் வரை பாதுகாப்பு அப்டேட் வரும்?' அவ்வளவுதான் கேள்வி.

ஒரு விடயத்தில் என்னைப் பிழையாக விளங்கக்கூடாது. பழசே போதும், அப்டேட்டைத் தூக்கி எறியுங்கள் என்று பாடவரவில்லை. பேட்ச் வராத போன் ஆபத்தானது. திறந்த ஓட்டைகளின் பட்டியல் உலகத்துக்கே தெரியும்; அடைப்பு வந்துசேராத போன்களைத் தேடித்தான் திருடன் வருவான். வங்கி அந்தப் போனைத் தள்ளி வைப்பதற்கும் அதுதான் காரணம், அதில் நியாயமும் உண்டு. ஆனால் ஓட்டையைச் செய்தவன் ஒருவன், அடைக்காமல் விட்டவன் ஒருவன், அதைத் தெரிந்தும் இறக்கி விற்றவன் ஒருவன். காசு களவுபோனால் அனுபவிக்கிறவர் நாலாவது ஆள். 'உங்கள் கவனக்குறைவு' என்று கடிதம் வருவதும் அந்த நாலாவது ஆளுக்குத்தான். மூன்று பேர் செய்த பாவத்தை நாலாவது ஆளின் தலையில் கட்டும் இந்தத் திறமைக்கு ஒரு தேசிய விருதே கொடுக்கலாம்.

குப்பையையும் கணக்கில் எடுங்கள். 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகம் எறிந்த மின்னணுக் கழிவு ஆறு கோடியே இருபது இலட்சம் தொன் என்று ஐ.நா.வின் கண்காணிப்பு அறிக்கை சொல்கிறது. முறையாகச் சேர்த்து மீள்சுழற்சி செய்யப்பட்டது அதில் கால்வாசி கூட இல்லை. திரையும் நல்லது, சிப்பும் நல்லது, ஆனாலும் குப்பை. பிறகு அதே கொம்பனிகள் கடற்கரை சுத்தம் செய்யும் நாளில் தொப்பியும் ரீசேர்ட்டும் அனுசரணை செய்யும். உப்புவெளியில் நின்று படமும் எடுப்பார்கள்.

வெளியே என்ன நடக்கிறது? பிரித்தானியாவில் 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்தில் இணையும் பொருளை விற்கிறவர்கள் எவ்வளவு காலம் பாதுகாப்பு அப்டேட் தருவோம் என்று பகிரங்கமாகச் சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20இல் புதிய விதி நடைமுறைக்கு வந்தது: விற்பனையை நிறுத்திய நாளிலிருந்து குறைந்தது ஐந்து வருடம் சிஸ்டம் அப்டேட், உதிரிப்பாகம் ஏழு வருடம், 800 முறை சார்ஜ் ஏற்றிய பிறகும் பற்றரியில் 80 வீதம் மிஞ்ச வேண்டும். அந்த விதிக்குள்ளும் சந்து தேடும் கொம்பனிகள் இருக்கின்றன, சந்தேகமில்லை. ஆனால் தேடுவதற்காவது அங்கே ஒரு சுவர் இருக்கிறது. இங்கே சுவருமில்லை, வேலியுமில்லை, வெறும் வெளி.

நமக்குப் புதுச் சட்டம் கூட வேண்டியதில்லை. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம், இருக்கிறது. பொருளின் சுட்டுத்துண்டில் என்ன எழுத வேண்டும் என்று பணிக்கும் அதிகாரம் அந்தச் சபைக்கு உண்டு. மத்திய வீதிச் சில்லறைக் கடைக்குள் பாய்ந்து, திகதி முடிந்த பிஸ்கட் பைக்கற்றைப் பிடித்து, வழக்குப் போடத் தெரியும். பிஸ்கட் விலை நூறு ரூபாய். பக்கத்துக் கடையில் நாற்பதாயிரம் ரூபாய்க்கு, திகதி முடிந்த போன், புதுசென்று விற்பனையாகிறது. அதிகாரி அங்கே போய்த் தன் போனுக்கு ஸ்கிரீன் கார்ட் ஒட்டிக்கொண்டு வருகிறார்.

ஆகவே கேட்பது மூன்று. ஒன்று, இறக்குமதியாகும் ஒவ்வொரு போன் பெட்டியிலும் பாதுகாப்பு அப்டேட் முடியும் மாதமும் வருடமும், தமிழிலும் சிங்களத்திலும், விலைக்குப் பக்கத்தில், விலையின் அளவு எழுத்தில். இரண்டு, ஐஎம்இஐ பதிவில் அந்தத் திகதியும் ஏற வேண்டும். ஏற்கனவே திகதி முடிந்த மொடல் இறங்கக்கூடாது. மூன்று, அரசாங்கச் சேவை எதுவும் ஆப்புக்குள் மட்டும் குடியிருக்கக்கூடாது. சாதாரண எஸ்எம்எஸ்ஸிலும், பிரதேச செயலக மேசையிலும் அதே சேவை, அதே நாளில், முகஞ்சுளிக்காமல் கிடைக்க வேண்டும்.

இதில் எதற்கும் டொலர் தேவையில்லை. வெளிநாட்டு நிபுணர் வரத் தேவையில்லை. ஐந்து நட்சத்திர ஹோட்டலில் கலந்துரையாடல் தேவையில்லை. ஒரு வர்த்தமானியும் ஒரு கையெழுத்தும் போதும். அதைப் போடாமல் இருப்பதற்கு இனிச் சொல்லக்கூடிய காரணம் ஒன்றுதான்: இறக்குமதி முதலாளியின் முகம் கோணும்.

கோணட்டும். அடுத்த தேர்தலுக்கு எப்படியும் வருவீர்கள். திருக்கடலூரிலும் கிண்ணியாவிலும் சம்பூரிலும் வீட்டுக்கு வீடு கும்பிடு போடுவீர்கள். டிஜிட்டல் இலங்கை என்று துண்டுப்பிரசுரம் நீட்டுவீர்கள். ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு வாருங்கள். உங்கள் ஆப் திறக்காத அந்தக் கைகளுக்கும் வாக்குச்சீட்டு திறக்கும். புள்ளடி போட அண்ட்ராய்ட் 10 தேவையில்லை.